கிறிஸ்துமஸ் வினாடி வினா நடத்துவது எப்படி: முதன்முறையாகக் கேள்வி எழுதுவோருக்கு

டிசம்பர் பிறந்ததும் ஆலய வாலிபர் குழு, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், அலுவலகம் என எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் தலையில் இந்தப் பொறுப்பு விழும்: "ஒரு கிறிஸ்துமஸ் குவிஸ் வச்சிடுங்களேன்!" பொறுப்பேற்றவர் இணையத்தில் தேடுவார். நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் நாற்பதைப் பொறுக்கி அச்சடித்துக்கொண்டு மேடை ஏறுவார். ஐந்தாவது கேள்வியிலேயே பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அது தப்புங்க" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அந்தப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒரு பிழை நுழைந்துவிட்டால் இருபது வருடமானாலும் வெளியே போவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் மேடை, மைக், ஸ்கோர் பலகை பற்றிச் சொல்வதைவிடக் கேள்வியைச் சரிபார்ப்பது பற்றியே அதிகம் சொல்லப்போகிறோம். கேள்வி சரியாக இருந்தால் மீதியெல்லாம் ஒப்பேற்றிவிடலாம்.

முதலில் நேரக் கணக்கு

நான்கு சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி: இது பழகிய அளவு. ஓர் அணியில் 4 முதல் 6 பேர் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் விடை எழுதுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு கேள்வியை இரண்டு தடவை வாசிக்க 20 விநாடி, அணி கூடிப் பேசி எழுத 40 விநாடி. ஆக, பத்துக் கேள்விக்குப் பத்து நிமிடம். கடைசியில் எல்லாக் கேள்விகளையும் வேகமாக ஒருமுறை திரும்ப வாசிக்க 2 நிமிடம், விடை சொல்லித் திருத்த 6 நிமிடம். ஒரு சுற்று 18 நிமிடத்தில் முடியும். நான்கு சுற்றுக்கு 72, நடுவில் கேக்கும் டீயும் 10, மொத்தம் 82 நிமிடம். உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். நான்கையும் அதற்குள் திணிக்கப் பார்த்தால் முதலில் வெட்டுப்படுவது விடைக்குப் பின்னால் நீங்கள் சொல்லும் இரண்டு வரிக் கதை. வந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்தக் கதையைத்தான், மதிப்பெண்ணை அல்ல.

பத்துக் கேள்வியில் மூன்று எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஐந்து, அணியில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கக்கூடியவை. இரண்டு மட்டும் கடினம். அந்த இரண்டையும் ஆறாவது, ஒன்பதாவது இடத்தில் வையுங்கள். முதல் கேள்வி கடினமாக இருந்தால் அணிகள் சோர்ந்துவிடும். பத்தாவது கடினமாக இருந்தால் அந்தச் சோர்வோடேயே அடுத்த சுற்றுக்குப் போவார்கள். வெல்லும் அணி 40-க்கு 30 அளவிலும், கடைசி அணி 15 அளவிலும் எடுத்தால் உங்கள் அளவு சரி.

விடையைப் பிடித்துக்கொண்டு கேள்விக்குப் போங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் கேள்வியை முதலில் யோசிக்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். உறுதியான ஒரு தகவலை முதலில் எடுத்துக்கொண்டு, அது மட்டுமே விடையாக வரும்படி கேள்வியைக் கட்டுங்கள். எழுதியதும் நான்கு விதமாகச் சோதியுங்கள்: வேறு விடை எதுவும் பொருந்துமா? இந்த விடை எந்த ஆண்டுவரை சரி? ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் இதே தகவல் இருக்கிறதா? சத்தமாக ஒருமுறை வாசித்தால் காதுக்குப் புரிகிறதா?

இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "வாம்" குழுவின் "லாஸ்ட் கிறிஸ்துமஸ்" 1984-இல் வந்தது. பிரிட்டனில் அது முதலிடத்தையே தொடாத பாட்டு என்று பழைய பட்டியல்களில் இன்னும் இருக்கிறது. 2021 ஜனவரியிலேயே அது முதலிடம் பிடித்தது, 2023-இல் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதல் பாட்டாகவும் ஆனது. மரியா கேரியின் "ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ" 1994-இல் வெளியாகி, அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வர 2019 டிசம்பர்வரை காத்திருந்தது. தரவரிசை, விற்பனை, சாதனை பற்றிய எந்தக் கேள்வியிலும் ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

"முதல்", "மிகப் பெரிய", "மிகப் பழைய" என்ற சொற்கள் உங்கள் கேள்வியில் இருந்தால் அங்கே சிவப்பு மையால் ஒரு சுழி போடுங்கள். அலங்கரித்த முதல் கிறிஸ்துமஸ் மரம் எந்த ஊரில் நின்றது என்று கேட்டால் லாட்வியாவின் ரீகாவும் எஸ்தோனியாவின் தாலினும் இன்றுவரை போட்டி போடுகின்றன. உங்கள் அரங்கில் அது தீரப்போவதில்லை.

வேதாகமக் கேள்விகள்: மொழிபெயர்ப்பைக் கவனியுங்கள்

இயேசுவின் பிறப்பை விவரிக்கும் நற்செய்திகள் மத்தேயு, லூக்கா இரண்டே. நட்சத்திரமும் கிழக்கிலிருந்து வந்தவர்களும் மத்தேயுவில் மட்டும், மேய்ப்பர்களும் தொழுவத் தொட்டியும் லூக்காவில் மட்டும். குடிலில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்துப் பழகிய நமக்கு இதுவே நல்ல கேள்வி.

"ஞானிகள் எத்தனை பேர்?" என்று கேட்டு மூன்று என்று விடை வைக்காதீர்கள். மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூன்று பேர் என்ற வழக்கம் மேற்கில் வந்தது. சிரியத் திருச்சபைகளின் மரபில் பன்னிரண்டு பேர். காஸ்பர், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் வேதாகமத்தில் கிடையாது. ஒட்டகமும் அந்தப் பகுதியில் இல்லை, மரியாள் ஏறிவந்த கழுதையும் இல்லை. அவர்கள் வந்து பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில் என்றே மத்தேயு 2:11 சொல்கிறது.

தமிழில் நடத்தும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். சீர்திருத்த சபையினர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் வந்தவர்கள் "சாஸ்திரிகள்", கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் "ஞானிகள்". அங்கே பிள்ளையைக் கிடத்தியது "முன்னணை", இங்கே "தீவனத் தொட்டி". அங்கே "தூபவர்க்கம்", இங்கே "சாம்பிராணி". "வெள்ளைப்போளம்" மட்டும் இரண்டிலும் ஒன்றே. உங்கள் விடைத்தாளில் இரண்டு சொல்லையும் அருகருகே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருத்துகிறவர் கத்தோலிக்கராக இருந்து "முன்னணை" என்று எழுதிய அணிக்குத் தப்புப் போட்டால் அந்த மனக்கசப்பு புத்தாண்டுவரை நீளும்.

கூட்டத்தில் பல மதத்தவரும் இருந்தால் வேதாகமக் கேள்விகளை மொத்தத்தில் ஐந்துக்கு மேல் வைக்க வேண்டாம். நாற்பதில் பத்து வேதாகமத்திலிருந்து என்றால் தினமும் வேதம் வாசிக்கும் குடும்பம் உள்ள அணி பாதிவழியிலேயே வென்றுவிடும்.

இசைச் சுற்று

கூட்டம் கலகலப்பாவது இங்கேதான். பிழை மலிந்திருப்பதும் இங்கேதான். சில பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

"ஜிங்கிள் பெல்ஸ்" பாட்டை எழுதியவர் ஜேம்ஸ் லார்ட் பியர்பான்ட். 1857-இல் பாஸ்டனில் "ஒன் ஹார்ஸ் ஓப்பன் ஸ்லே" என்ற தலைப்பில் அச்சானது, 1859 மறுபதிப்பில் இன்றைய பெயர் வந்தது. ஒற்றைக் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் பனிமேல் பறக்கும் குதூகலம்தான் பாட்டு முழுவதும், கிறிஸ்துமஸ் என்ற சொல்லே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு, "நன்றி நவிலும் நாளுக்காக (அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங்) எழுதப்பட்டது" என்று பல பட்டியல்கள் அடித்துச் சொல்கின்றன. வரிகளில் அந்த நாளும் இல்லை. எழுதிய ஊர் எது என்றும் கேட்காதீர்கள். மசாசூசெட்ஸின் மெட்ஃபோர்டும் ஜார்ஜியாவின் சவானாவும் ஆளுக்கொரு நினைவுப் பலகை நட்டு உரிமை கொண்டாடுகின்றன. பாதுகாப்பான கேள்வி: "எல்லோரும் பாடும் இந்தப் பாட்டின் வரிகளில் எந்தப் பண்டிகையின் பெயர் வருகிறது?" எதுவும் இல்லை என்பது விடை. மனதுக்குள் பாட்டை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பதால் எல்லா அணிக்கும் வாய்ப்பு உண்டு.

இதே பாட்டு விண்வெளிக்கும் போயிருக்கிறது. 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6 விண்கலத்திலிருந்து வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும் வடக்கிலிருந்து தெற்காக ஏதோ ஒன்று பறந்து போவதாகத் தரைக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஒளித்து எடுத்துச் சென்ற மவுத்ஆர்கனையும் சிறு மணிகளையும் எடுத்து இதை வாசித்தார்கள். "விண்வெளியில் ஒலித்த முதல் பாட்டு" என்று கேட்டால் தவறு. 1962-லேயே சோவியத் வீரர் பாவெல் போபோவிச் விண்ணிலிருந்து பாடிவிட்டார். "விண்வெளியில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட இசைக்கருவிகள் எவை?" என்பதுதான் சரியான வடிவம்.

"சைலன்ட் நைட்" பாட்டின் வரலாறு தெளிவானது. வரிகள் ஜோசப் மோர் என்ற இளம் குருவானவர் 1816-இல் ஜெர்மன் மொழியில் எழுதியவை. மெட்டு, பள்ளி ஆசிரியரான ஃபிரான்ஸ் சேவர் குரூபருடையது. ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் 1818 டிசம்பர் 24 இரவு முதன்முறையாகப் பாடப்பட்டது. துணைக்கருவி கிட்டார். எலி கடித்து ஆலயத்து ஆர்கன் கெட்டுப்போனதால்தான் கிட்டார் வந்தது என்ற கதைக்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது. கிட்டாரைக் கேளுங்கள், எலியை விட்டுவிடுங்கள்.

"ஒயிட் கிறிஸ்துமஸ்" பாட்டைக் கேட்காமல் எந்த இசைச் சுற்றும் முடியாது. இர்விங் பெர்லின் எழுதியது, பிங் கிராஸ்பி பாடியது. வானொலியில் அவர் பாடியது 1941 கிறிஸ்துமஸ் அன்று, இசைத்தட்டுக்காகப் பதிவானது 1942 மே 29. எந்தப் படத்துக்காக என்று கேட்டால் பத்தில் எட்டு அணி பாட்டின் பெயரையே எழுதும். 1942-இல் வந்த "ஹாலிடே இன்" என்பதே விடை, சிறந்த பாடலுக்கான ஆஸ்காரும் அந்தப் படத்துக்காகவே. "ஒயிட் கிறிஸ்துமஸ்" என்ற படம் பன்னிரண்டு வருடம் கழித்து 1954-இல் வந்தது. இன்று நாம் அதிகம் கேட்கும் பதிவு 1947-இல் மறுபடி எடுத்தது, முதல் பதிவின் மூலப்பிரதி தேய்ந்துபோனதால். உலகில் அதிகம் விற்ற ஒற்றைப் பாட்டு என்று கின்னஸ் இதைத்தான் சொல்கிறது, மதிப்பீடு 5 கோடிப் பிரதிகள்.

கணக்கு ஆர்வலர்களுக்கு "பன்னிரண்டு நாட்கள்" பாட்டு. முதல் நாள் ஒரு பரிசு, இரண்டாம் நாள் புதிதாக இரண்டும் பழைய ஒன்றும் என்று பரிசுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டாம் நாள் மட்டும் வரும் பரிசுகள் 78. முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் கூட்டினால் 364. "மொத்தம் எத்தனை பரிசு?" என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு விடையும் நியாயமே, எது என்று கேள்வியிலேயே தெளிவாக்குங்கள். அதிகம் கிடைக்கும் பரிசு எது என்பது இன்னும் சுவையானது: ஆறு வாத்து ஏழு நாள் வருவதால் 42, ஏழு அன்னம் ஆறு நாள் வருவதால் அதுவும் 42. இரண்டையும் எழுதினால்தான் முழு மதிப்பெண். அந்தப் பன்னிரண்டு நாள் டிசம்பர் 25-இல் தொடங்கி ஜனவரி 5-இல் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய பன்னிரண்டு நாள் என்று நினைப்பவர்கள் நிறைய.

ஹேண்டலின் "மெசாயா" என்ற பாடகர் குழு இசைப்படைப்பு டிசம்பர்தோறும் ஒலிக்கிறது. முதன்முதலில் அரங்கேறியதோ 1742 ஏப்ரல் 13, டப்ளினில். "ஜாய் டு த வேர்ல்ட்" 1719-இல் ஐசக் வாட்ஸ் 98-ஆம் சங்கீதத்தைத் தழுவி எழுதியது, மாட்டுத்தொழுவமோ மேய்ப்பர்களோ அதில் எங்கும் இல்லை. இவை இரண்டும் கடினக் கேள்வி இடத்துக்குப் பொருத்தம்.

நம் வீடுகளில் டிசம்பர் என்றாலே போனி எம் ஒலிக்கும். "மேரிஸ் பாய் சைல்டு" அவர்களுடையது என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் 1978-இல் பாடினார்கள். அதற்கு இருபது வருடம் முன்பே ஹாரி பெலஃபான்டே பாடிப் புகழ்பெற்ற பாட்டு அது. முதலில் போனி எம் பதிவை ஒலிக்கவிட்டுக் குழுவின் பெயரைக் கேளுங்கள். பிறகு அடுத்த கேள்வியாகப் பெலஃபான்டேயின் குரலை ஒலிக்கவிட்டு யாரென்று கேளுங்கள். அரங்கம் அமைதியாகும்.

ஒலித்துணுக்கு தயாரிப்பது பற்றி: ஒன்றுக்கு 15 முதல் 20 விநாடி போதும், இரண்டு முறை ஒலிக்கவிடுங்கள். பாட்டின் தலைப்பு வரும் பல்லவியில் தொடங்காமல் முன்னிசையிலோ சரணத்திலோ வெட்டுங்கள். நேரடியாக யூடியூபில் ஓட்டினால் விளம்பரம் குறுக்கே வரும், திரையில் பாட்டின் பெயரும் தெரியும். முன்கூட்டியே தனித்தனிக் கோப்பாக வெட்டி 01, 02 என்று எண்ணிட்டு வையுங்கள். பழைய இசைத்தட்டுப் பதிவுகள் சத்தம் குறைவு, புதியவை காதைப் பிளக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்த போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் திறந்து வைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நடுப்பாட்டில் யாரோ அழைப்பார்கள். இணைப்பு அறுந்தால் உடனே செருக ஓர் ஆக்ஸ் வயர் பையில் இருக்கட்டும்.

படச் சுற்று

இங்கே முக்கிய எச்சரிக்கை ஒன்றுதான்: ஒரே பெயரில் பல படம். "மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்" 1947-இலும் 1994-இலும் வந்தது. கிரிஞ்ச் கதை 1966-இல் தொலைக்காட்சியில், 2000-இல் ஜிம் கேரி நடிப்பில், 2018-இல் மறுபடி அனிமேஷனில். ஆண்டு சேர்க்காமல் "நடித்தவர் யார்" என்று கேட்டால் மூன்று அணிக்கு மூன்று சரியான விடை இருக்கும்.

"த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்" (1993) இயக்கியவர் யார் என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் டிம் பர்ட்டன் என்பார்கள். கதையும் தயாரிப்பும் அவருடையவை, இயக்கம் ஹென்றி செலிக். இதைப் பொறி வைப்பது போலக் கேட்காமல், விடை சொல்லும்போது பர்ட்டனின் பங்கையும் சொல்லிவிடுங்கள். தப்பாக எழுதியவர்களும் தலையாட்டுவார்கள்.

வெயில் காலத்துக் கிறிஸ்துமஸ் என்ற இழையில் மூன்று நான்கு கேள்வி கோக்கலாம். 1947-இன் "மிராக்கிள்" படம் கோடைத் தொடக்கத்தில் திரைக்கு வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவாக நடித்த எட்மண்ட் க்வென்னுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நடக்கும் "டை ஹார்ட்" 1988 ஜூலையில் வெளியானது. ஃபிராங்க் காப்ராவின் "இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்" படத்தில் கொட்டும் பனியெல்லாம் 1946 கோடையில் கலிஃபோர்னிய வெயிலில் எடுத்தது. அதுவரை படங்களில் வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவுவார்கள். மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் பதிவாகாது. இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரை, சோப்பு, தண்ணீர் கலந்து சத்தமில்லாத பனி செய்தார்கள், அதற்குத் தொழில்நுட்பப் பிரிவில் ஆஸ்கார் அகாதமியின் விருதும் வந்தது. அந்தப் படம் எப்படி இவ்வளவு பிரபலமானது என்பதும் நல்ல கேள்வி: 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் வருடாவருடம் இஷ்டத்துக்கு ஒளிபரப்பின.

சிறுவர்கள் இருந்தால் "ஹோம் அலோன்" (1990) இல்லாமல் முடியாது. குடும்பம் எந்த நகரத்துக்குப் போனது? பாரிஸ். இசையமைப்பாளர் யார்? ஜான் வில்லியம்ஸ். கெவின் வீட்டில் ஓட்டிப் பார்க்கும் பழைய கறுப்பு-வெள்ளைத் துப்பாக்கிப் படம் உண்மையில் வந்ததா? இல்லை, இந்தப் படத்துக்காகவே எடுத்த காட்சி.

வரலாறும் பழக்கவழக்கமும்

அதிகம் பரவிய பிழை, கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு உடையைக் கோக-கோலா கண்டுபிடித்தது என்பது. ஹாடன் சண்ட்ப்ளோம் அந்த நிறுவனத்துக்காக வரையத் தொடங்கியது 1931-இல். தாமஸ் நாஸ்ட் 1863 முதலே "ஹார்ப்பர்ஸ் வீக்லி" இதழில் குண்டுத் தாத்தாவை வரைந்துவந்தார். சிவப்பு உடையும் 1931-க்கு முன்பே வந்துவிட்டது. விளம்பரம் அந்த உருவத்தை உலகெங்கும் நிலைநிறுத்தியது, அவ்வளவே. இவர்கள் எல்லோருக்கும் மூலம் நான்காம் நூற்றாண்டின் புனித நிக்கோலாஸ், இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரின் ஆயர். அவர் திருநாள் டிசம்பர் 6.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் கலைமான்களின் பெயரைக் கேட்டால் ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும். 1823-இல் அச்சான "எ விசிட் ஃப்ரம் செயின்ட் நிக்கோலஸ்" என்ற ஆங்கிலக் கவிதையில் எட்டுதான். ஏழாவது "டண்டர்" என்று இருந்து, பிறகு "டாண்டர்" ஆகி, கடைசியில் "டானர்" என்று நிலைத்தது. எதை எழுதினாலும் கொடுத்துவிடுங்கள். ஒன்பதாவதான ருடால்ஃப் 1939-இல் மாண்ட்கோமரி வார்டு என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சிறு நூலில் பிறந்தது. எழுதியவர் அங்கே விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் மே. அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் அதைப் பாட்டாக்க, 1949-இல் ஜீன் ஆட்ரி பாடினார்.

இங்கிலாந்துக்குக் கிறிஸ்துமஸ் மரத்தைக் கொண்டுவந்தவர் இளவரசர் ஆல்பர்ட் என்பார்கள். அவருக்கு வெகு முன்பு, 1800-இல், அரசி சார்லட் வின்சரில் ஒரு மரத்தை அலங்கரித்துக் குழந்தைகளை அழைத்திருக்கிறார். ஆல்பர்ட்-விக்டோரியா குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் "இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்" இதழில் வந்த பிறகு வீட்டுக்கு வீடு பரவியது. மின்விளக்கு போட்டது எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன், 1882-இல் நியூயார்க் வீட்டில், 80 பல்புகள்.

தேதிக் கேள்வியில் அவசரம் கூடாது. டிசம்பர் 25 என்று வேதாகமத்தில் இல்லை. ரோமில் 354-இல் தொகுத்த ஓர் ஏட்டில், 336-ஆம் ஆண்டைச் சேர்ந்த பட்டியலில், அந்த நாள் முதன்முதலாகத் தெரிகிறது. எந்தப் பழைய ரோமப் பண்டிகையைப் பார்த்து வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், அறிஞர்களிடையே அது முடிவாகவில்லை. "ஆர்த்தடாக்ஸ் சபையினர் என்று கொண்டாடுகிறார்கள்?" என்பதும் பிழையான கேள்வி. ரஷ்யா, செர்பியாவில் ஜனவரி 7, கிரேக்கத்திலும் ருமேனியாவிலும் கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையிலும் டிசம்பர் 25. நாட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உக்ரைன் 2023-இல் டிசம்பர் 25-க்கு மாறிவிட்டது.

கிறிஸ்துமஸைத் தடை செய்தவர்கள் கிறிஸ்தவர்களே என்பது பலருக்கும் வியப்பு. மசாசூசெட்ஸ் குடியேற்றத்தில் பியூரிட்டன்கள் 1659 முதல் 1681 வரை கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். 1843-ஐ ஒரே கேள்வியில் இரட்டையாகப் பயன்படுத்தலாம்: டிக்கன்ஸின் "கிறிஸ்துமஸ் கேரல்" வெளியானதும், ஹென்றி கோல் லண்டனில் வாழ்த்து அட்டையை அச்சிட்டு விற்றதும் அதே வருடம். முதல் குடில் அமைத்தது அசிசியின் புனித பிரான்சிஸ், 1223, இத்தாலியின் கிரேச்சோவில், உயிருள்ள மாட்டை வைத்து. உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் போனது. செய்தி, "மெர்ரி கிறிஸ்துமஸ்".

நாடுகளின் வழக்கங்களைப் பொருத்துக கேள்வியாகத் தரலாம், ஐந்துக்கு ஐந்து: ஐஸ்லாந்து, பதின்மூன்று குறும்புச் சகோதரர்கள். இத்தாலி, துடைப்பத்தில் வரும் பெஃபானா பாட்டி. ஸ்வீடனின் யாவ்லே நகரம், வைக்கோல் ஆடு. பிலிப்பைன்ஸ், பரோல் என்ற நட்சத்திர விளக்கு. ஜப்பான், 1974 விளம்பரத்திலிருந்து கேஎஃப்சி கோழி. வைக்கோல் ஆட்டை 1966 முதல் நிறுத்துகிறார்கள், பல வருடம் யாராவது தீ வைத்துவிடுகிறார்கள் என்று விடையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

திருவருகைக் கால வளையத்தில் மெழுகுவர்த்தி எத்தனை? நான்கு என்று ஒரு சபை சொல்லும், நடுவில் வெள்ளை ஒன்று சேர்த்து ஐந்து என்று இன்னொரு சபை சொல்லும். நிறமும் சபைக்குச் சபை மாறும். இந்தக் கேள்வியை விட்டுவிடுவது நல்லது. சர்க்கரைக் கைத்தடி மிட்டாயின் வளைவு இயேசுவின் பெயரின் முதல் எழுத்து என்பதற்கும் ஆதாரம் இல்லை, அதையும் தொட வேண்டாம்.

நிகழ்ச்சி அன்று

ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, மேலே அணியின் பெயர், சுற்று எண், கீழே பத்துக் கோடு. சுற்றுக்கு ஒரு தாள் வீதம் அணிக்கு நான்கு, கூடுதலாக ஒன்று. விடை தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், உச்சரித்தால் பெயர் புரிந்தால் போதும். இதைத் தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள். இரண்டு பகுதி உள்ள கேள்விக்குப் பகுதிக்கு அரை மதிப்பெண் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். போன்கள் மேசை நடுவில் கவிழ்ந்து கிடக்கட்டும்.

தாள்களைப் பக்கத்து அணியோடு மாற்றி, வேறு நிற மையால் திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டுபவர் எந்த அணியிலும் இல்லாதவராக இருக்க வேண்டும். குவிஸ் மாஸ்டரே கூட்டவும் செய்தால் அடுத்த சுற்று ஐந்து நிமிடம் தள்ளிப்போகும்.

மறுப்பு வரும், எவ்வளவு சரிபார்த்தாலும் வரும். கேள்வியே மயக்கமாக இருந்தது என்று தெரிந்தால் மறுத்த அணிக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்காதீர்கள். அந்தக் கேள்வியை எல்லோருக்கும் ரத்து செய்து, மாற்றுக் கேள்வி ஒன்றைக் கேளுங்கள். இதற்காகவே சுற்றுக்கு இரண்டு கேள்வி கூடுதலாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

பரிசு அணி முழுவதும் பங்கிட்டுக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும். ஒரு கிலோ பிளம் கேக் ஆறு பேருக்குச் சரியாக வரும், ஒற்றை பொம்மை வராது.

கடைசியில் இரண்டு அணி சமமாக நின்றால் எண் விடை உள்ள கேள்வி ஒன்றைக் கேட்டு, மிக நெருங்கி எழுதியவருக்கு வெற்றி கொடுங்கள். மனக்கணக்காகப் போட்டுவிட முடியாத எண்ணாக இருக்க வேண்டும், அதனால் 364 இதற்கு உதவாது. "டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19-இல் வெளியாகி, ஐந்தே நாளில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள், முதல் பதிப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. எத்தனை பிரதிகள்?" இரண்டு அணியும் தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். விடை 6,000.